செய்தவர் போனபின்னும் ஓடுவது

2014 செப்டம்பரில் லண்டனில் நடந்த ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், ஆய்வாளர் ஒருவர் கேனான் பிக்ஸ்மா பிரிண்டர் ஒன்றைக் காட்டினார். வீட்டு மேஜையில் இருக்கும் சாதாரண பிரிண்டர்தான். மை எவ்வளவு மிச்சம், தாள் எங்கே சிக்கிக்கொண்டது என்றெல்லாம் சொல்வதற்கு அதில் ஒரு சின்னத் திரை. அந்தத் திரையில் 'டூம்' விளையாட்டு ஓடியது. நிறங்கள் சரியாக வரவில்லை, ஆனால் ஓடியது. அந்தப் பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளை வெளியாள் யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்று எச்சரிப்பதுதான் அவருடைய நோக்கம். எச்சரிப்பதற்கு அவர் டூமைத் தேர்ந்தெடுத்ததில் யாருக்கும் வியப்பில்லை. கால்குலேட்டர் முதல் டிராக்டரின் கட்டுப்பாட்டுத் திரை வரை, கையில் கிடைத்த எந்தக் கருவியிலும் டூமை ஓட்டிப் பார்ப்பது கணினிக்காரர்களின் நெடுநாள் வழக்கம். 1993 டிசம்பர் 10 அன்று வெளியான அந்த விளையாட்டுக்கு அப்போது வயது இருபத்தொன்று நெருங்கிக்கொண்டிருந்தது.

அதே 2014-இன் டிசம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்காவைச் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, கிழக்குக் கரையில் ஏறி மேற்குக் கரை வரை நிற்காமல் ஓட்டலாம் என்று தந்த விளையாட்டு. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தாக வேண்டும் என்று அதை அமைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு அந்த நெடுஞ்சாலைகள் மூடப்பட்டன. காசு கொடுத்து வாங்கிய வட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதில் உள்ள தரவில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் அதைப் போட்டால் விளையாட்டு வராது. அடுத்த சில வாரங்களில், ஆடியவர்களின் கணக்கில் இருந்த உரிமத்தையும் நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஒன்று முப்பது வருடம் தாண்டி பிரிண்டரிலும் டிராக்டரிலும் ஓடுகிறது. இன்னொன்று பத்து வருடம் நிறைவதற்குள் முடிந்துபோனது. மென்பொருளை நேசிப்பவனாகவும் அதை எழுதிப் பிழைப்பவனாகவும் இந்த இரண்டையும் நான் நெடுநாளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மென்பொருளுக்குத் துரு இல்லை, தேய்மானம் இல்லை. ஆயிரம் முறை பிரதி எடுத்தாலும் கடைசிப் பிரதி முதல் பிரதியைப் போலவே இருக்கும். மனிதர் செய்த பொருள்களில் சாவே தேவையில்லாத பொருள் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அப்படியிருந்தும் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகச் செத்துப்போகிறது. அது ஏன் என்று தேடினால், பதில் தொழில்நுட்பத்துக்கு வெளியே, செய்தவரின் மனத்தில் போய் நிற்கிறது.

டூமின் உள்ளே கொஞ்சம் நுழைந்து பார்ப்போம். அது ஓடவேண்டியது டாஸ் கணினியில். 386 செயலியும் நான்கு மெகாபைட் நினைவகமும் இருந்தால் போதும். ஆனால் இட் சாஃப்ட்வேரின் நிரலாளர்கள் அதை எழுதியது நெக்ஸ்ட் என்ற வேறு வகைக் கணினியில். ஓரிடத்தில் எழுதி இன்னோரிடத்தில் ஓட்டவேண்டியிருந்ததால், கணினிக்குக் கணினி மாறக்கூடிய வேலைகளை அவர்கள் தனியே ஒதுக்கி வைத்தார்கள். திரையில் படம் போடுவது, சத்தம் எழுப்புவது, விசையழுத்தத்தைப் படிப்பது, நேரம் பார்ப்பது போன்றவை தனித்தனிச் சிறு கோப்புகளில் இருந்தன. அரக்கன் எப்படி நடப்பான், கதவு எப்படித் திறக்கும், குண்டு எங்கே படும் என்பதெல்லாம் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம். எந்தக் கணினியில் ஓடுகிறோம் என்று அந்தப் பகுதிக்குத் தெரியவே தெரியாது. 320-க்கு 200 புள்ளி, 256 நிறம் கொண்ட ஒரு படத்தை அது தயார் செய்து கொடுக்கும். அதை வாங்கித் திரையில் போடுவது மட்டும்தான் புதிய கருவியின் வேலை. பிரிண்டரில் டூம் வந்தது இந்த ஒழுங்கினால்தான்.

அடுத்தது, அவர்கள் விளையாட்டின் உள்ளடக்கத்தை வைத்த விதம். அறைகள், சுவர்ப் படங்கள், அரக்கர்கள், இசை எல்லாமே 'வாட்' என்ற கோப்பில் இருந்தன. அதை ஆட்டுவிக்கும் நிரல் வேறாக இருந்தது. வாட் கோப்பின் அமைப்பை ஒரு பள்ளி மாணவருக்குக்கூட விளக்கிவிடலாம். முதல் பன்னிரண்டு பைட் முகப்பு. இது எந்த வகை வாட் என்று சொல்ல நான்கு பைட், உள்ளே எத்தனை துண்டுகள் என்று சொல்ல நான்கு, அந்தத் துண்டுகளின் அட்டவணை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல நான்கு. அட்டவணையில் ஒவ்வொரு துண்டுக்கும் பதினாறு பைட்: இருக்கும் இடம், அளவு, எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர். நீங்கள் ஒரு சிறு வாட் கோப்பைச் செய்து, மூலத்தில் உள்ள பெயரிலேயே உங்கள் அறையை வைத்துக் கொடுத்தால், விளையாட்டு உங்கள் அறையை எடுத்துக்கொள்ளும். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டியதே இல்லை. இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததல்ல. 1992-இல் வந்த அவர்களுடைய 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி'யின் கோப்புகளை ரசிகர்கள் தாங்களாகவே பிரித்து, படங்களை மாற்றி விளையாடியதை அந்த நிரலாளர்களில் ஒருவரான ஜான் கார்மாக் பார்த்திருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை; மகிழ்ந்தார். அடுத்த விளையாட்டில் பூட்டை இன்னும் இறுக்காமல் கதவையே திறந்து வைத்தார். இன்றைக்கும் டூமுக்குப் புதிய அறைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

1997 டிசம்பர் 23 அன்று கார்மாக் டூமின் மூலநிரலை வெளியிட்டார். முதலில் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு, இரண்டு வருடத்தில் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில். கூடவே ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். இந்த நிரலில் எது நன்றாக இருக்கிறது, எது தனக்கே திருப்தியில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். உங்களுக்குப் பிடித்த இயங்குதளத்துக்குக் கொண்டுபோங்கள், இன்னின்னதைச் சேர்த்துப் பாருங்கள் என்று யோசனையும் சொன்னார். டாஸ் பதிப்பை அவரால் வெளியிட முடியவில்லை. அதன் சத்தத்துக்குப் பயன்பட்ட நிரல் வேறொருவருடைய உரிமை என்பதால் லினக்ஸ் பதிப்பைத்தான் கொடுத்தார். அடுத்தவரின் நிரலை உள்ளே வைத்தது தவறு, இப்போது சத்தத்துக்கும் நானே எழுதுகிறேன் என்றும் அந்தக் குறிப்பில் சொல்லியிருந்தார். எனக்கு இந்த விஷயம் மிக முக்கியமாகப் படுகிறது. கொடுக்க நினைத்தபோது கொடுக்க முடியாமல் போனதிலிருந்து, இனிமேல் கொடுக்கும்படியே செய்வது என்ற பாடத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

இதைச் சொன்னதும் வருகிற முதல் கேள்வி, பிழைப்புக்கு என்ன வழி என்பது. நியாயமான கேள்வி. டூமின் முதல் பாகத்தை அவர்கள் இலவசமாகப் பரவ விட்டார்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். உலகெங்கும் அது ஃப்ளாப்பியில் கைமாறியது. மீதிப் பாகங்களுக்குக் காசு வாங்கினார்கள், நன்றாகவே சம்பாதித்தார்கள். மூலநிரலை வெளியிட்டபோதும் வாட் கோப்புகளை வெளியிடவில்லை. ஆகவே முழு விளையாட்டை ஆட விரும்புகிறவர் இன்றைக்கும் அதை வாங்கத்தான் வேண்டும்; அது இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. அதற்கும் வழியில்லாதவர்களுக்காக, 'ஃப்ரீடூம்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் எல்லாப் படத்தையும் சத்தத்தையும் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கொடுத்ததால் இட் சாஃப்ட்வேருக்குக் குறைந்தது எதுவும் இல்லை. முப்பது வருடம் கழித்தும் அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கணக்கில் சேர்த்தால் கூடியதுதான் அதிகம்.

தி க்ரூவை நடத்தியவர்களின் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும். சர்வர் ஓடினால் வாடகை உண்டு, மின்சாரம் உண்டு, ராத்திரி எழுந்து பார்க்க ஆள் வேண்டும். கார் விளையாட்டு என்றால் கார் நிறுவனங்களின் பெயருக்கும் பாடல்களுக்கும் உரிமம் வாங்கியிருப்பார்கள். அதற்கெல்லாம் கெடு உண்டு. ஆடுகிறவர் குறையக் குறையக் கணக்குக் கட்டுப்படியாகாது. சர்வரை என்றென்றைக்கும் ஓட்டு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நானும் அப்படிக் கேட்கவில்லை. என் வருத்தம் 2024-இல் எடுத்த முடிவைப் பற்றியதுகூட அல்ல, 2014-க்கு முன்னால் எடுத்த முடிவைப் பற்றியது. தனியாக ஒருவர் தன் வீட்டில் காரோட்டுவதற்கு எங்கோ இருக்கும் சர்வரின் அனுமதி எதற்கு என்று வடிவமைக்கும்போதே ஒருவர் கேட்டிருக்க வேண்டும். நாம் இல்லாமல் போகும் நாளில் இது என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வழி பிறக்கும். கூகுள் தன் 'ஸ்டேடியா' சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அதோடு நிற்காமல், அந்தச் சேவைக்கென்றே செய்த கைக்கருவியைச் சாதாரண ப்ளூடூத் கருவியாக மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. பல வீடுகளில் குப்பையாகியிருக்கக்கூடியது இன்னும் வேலை செய்கிறது. கடையை மூடும்போதும் மரியாதையாக மூட முடியும் என்பதற்கு அது சாட்சி.

தி க்ரூ மூடப்பட்டதை ஒட்டி, 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தை ராஸ் ஸ்காட் என்பவர் 2024 ஏப்ரலில் தொடங்கினார். அவர்கள் கேட்பது சின்ன விஷயம்: நிறுத்துங்கள், ஆனால் வாங்கியவர் ஆடும் நிலையில் விட்டுவிட்டு நிறுத்துங்கள். ஐரோப்பாவில் அதற்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ரசிகர்கள் சிலரோ, விளையாட்டும் சர்வரும் என்ன பேசிக்கொண்டன என்பதைத் துப்பறிந்து, தாங்களே ஒரு மாற்றுச் சர்வரை எழுதி 2025-இல் அந்தச் சாலைகளை மறுபடி திறந்துவிட்டார்கள். செய்தவர்களே செய்து கொடுத்திருக்கக்கூடியதை, வெளியாட்கள் இருட்டில் தடவித் தடவிச் செய்தார்கள். எல்லா விளையாட்டுக்கும் அப்படி ஆள் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு புதிதாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பத்தில் ஒன்பது பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கலையின் முதல் நாற்பது வருடம் ஏறக்குறைய முழுவதுமாகக் கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது.

விளையாட்டுதானே, போனால் போகட்டும் என்பவர்களுக்குத் தமிழில் நடந்ததைச் சொல்வேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் தன் அப்பா நடத்திய அச்சகத்தின் பழைய சிடிக்களைக் கொண்டுவந்தார். கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், உள்ளூர்க் கவிஞர் ஒருவரின் முழுத் தொகுப்பு. ஒரு சிடியில் இருந்தவை பாமினி எழுத்துருவில் தட்டியவை. திறந்தால் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும், புள்ளி வைத்த எழுத்து வரவேண்டிய இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி நிற்கும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துருமாற்றியில் போட்டோம்; கண்மூடித் திறப்பதற்குள் முழு மலரும் யூனிகோடு தமிழாக வந்து நின்றது. கவிஞரின் தொகுப்பு இருந்த சிடி வேறு வகை. ஒரு நிறுவனம் விற்ற டிடிபி மென்பொருளில் செய்தது. கணினியின் பின்பக்கம் பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் டோங்கிள் என்ற ஒரு பூட்டுக்கருவி செருகியிருந்தால்தான் அந்த மென்பொருள் திறக்கும். டோங்கிள் தொலைந்துவிட்டது, நிறுவனம் மூடியாகிவிட்டது, எழுத்து எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்கள் யாருக்கும் சொல்லவும் இல்லை. கவிஞர் உயிரோடு இல்லை. அச்சான புத்தகம் ஒன்றை எங்கோ தேடிப்பிடித்து நண்பர் மறுபடி தட்டச்சு செய்தார். இரண்டு சிடியும் ஒரே பெட்டியில், ஒரே ஆளின் கையால் எழுதப்பட்டவை.

தொண்ணூறுகளில் தமிழ்க் கணினியே இப்படித்தான் இருந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க அவருடைய எழுத்துருவும் கூடவே வரவேண்டும். அந்த நாளில்தான், 1998 பொங்கலன்று, கல்யாணசுந்தரம் என்பவர் சுவிட்சர்லாந்திலிருந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் தட்டச்சு செய்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அவற்றைத் தந்தது டிஸ்கி என்ற குறியீட்டில். அது எவரும் பார்த்துப் பயன்படுத்தும்படி விவாதித்து வெளியிடப்பட்ட குறியீடு. யூனிகோடு பரவியதும் நூல்கள் அதற்கு மாற்றப்பட்டன. 2010-இல் தமிழக அரசும் யூனிகோட்டை ஏற்றது. இன்று பேசியில் தமிழ் தேடினால் தமிழ் கிடைக்கிறது என்பதை நாம் காற்றைப் போல எடுத்துக்கொள்கிறோம். தன்னுடையது மட்டுமே நிற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் பொதுவான ஒன்றுக்கு வழிவிட்டவர்கள் அதன் பின்னால் இருக்கிறார்கள். பெயர் தெரிந்தவர் சிலர், தெரியாதவர் பலர். தமிழ் எழுத்து ஒரு நிறுவனத்தின் சொத்தாக ஆகிவிடாமல் போனது அவர்கள் நமக்குச் செய்த பேருதவி.

செய்தவர் தன் காலத்துக்குப் பிறகு என்ன என்று யோசித்ததற்கு இன்னும் தெளிவான உதாரணங்கள் உண்டு. டொனால்ட் நூத் 1977-இல் தன் புத்தகத்தின் அச்சுப்படியைப் பார்த்தார். புதிய அச்சுமுறையில் கணிதக் குறிகள் அசிங்கமாக வந்திருந்தன. பொறுக்காமல், அச்சுக்கோப்பதற்கென்று 'டெக்' என்ற மென்பொருளைத் தானே எழுதினார். எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். நிரல் முழுவதையும் விளக்கத்தோடு புத்தகமாகவே அச்சிட்டார். 1990-இல், இனிப் புதிய வசதி எதையும் சேர்க்கமாட்டேன், பிழை இருந்தால் திருத்துவேன் என்று அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் பை எண்ணின் ஓர் இலக்கம் கூடுகிறது. 2021-இல் அது 3.141592653. தான் இறந்த பிறகு பதிப்பு எண் பை என்றே ஆகட்டும், அதன் பிறகு யாரும் டெக்கைத் தொடவேண்டாம், அப்போது மிச்சமிருக்கும் பிழைகளும் அதன் இயல்புகளாகவே இருக்கட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். மாற்ற விரும்புகிறவர்கள் வேறு பெயரில் மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாறியவையும் பல. இன்று எழுதிய டெக் கோப்பு ஐம்பது வருடம் கழித்தும் இதே பக்கத்தைத்தான் தரும் என்று ஒரு கணித மாணவர் நம்பி எழுதலாம். அவசரமாக அப்டேட் கேட்கும் உலகத்தில் இந்த நிம்மதியை வேறு எங்கும் நான் கண்டதில்லை.

ரிச்சர்ட் ஹிப் 2000-இல் எழுதிய 'எஸ்க்யூலைட்' என்ற தரவுத்தளம் உங்கள் பேசியில் இப்போதும் வேலை செய்துகொண்டிருக்கிறது; பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொடர்பு எண்களும் குறுஞ்செய்திகளும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. அதற்கு உரிமமே இல்லை. பொதுச்சொத்து என்று அறிவித்துவிட்டார். 2050 வரை பராமரிப்போம் என்று அவருடைய குழு உறுதி கொடுத்திருக்கிறது. கோப்பில் எந்த பைட் எதைக் குறிக்கிறது என்பதை முழுமையாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. 2050-இல் தான் இருப்போமா என்பது எந்த மனிதருக்கும் தெரியாது. இருந்தும் அந்த வருடத்தை மனத்தில் வைத்து இன்றைய வரியை எழுதுவது எவ்வளவு பெரிய ஒழுக்கம்!

'விம்' என்ற எழுத்துத் தொகுப்பான் என் அன்றாடக் கருவி. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலனார் 1991-இல் அதை வெளியிட்டார். காசு கேட்கவில்லை, கொடுக்க விரும்பினால் உகாண்டாவில் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். வெறும் விம்மைத் திறந்தால் இன்றும் பல நேரம் முதல் திரையில் அந்த வேண்டுகோள் தெரியும். முப்பது வருடத்துக்கும் மேலாக, வருகிற திருத்தங்களை அவரே படித்து அவரே சேர்த்தார். 2023 ஆகஸ்ட் 3 அன்று, அறுபத்திரண்டாவது வயதில் காலமானார். அன்று காலையிலும் உலகெங்கும் லட்சக்கணக்கான பேர் விம்மைத் திறந்து வேலை செய்தார்கள். அவருடன் நெடுநாள் பங்களித்து வந்தவர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் வெளிவந்த 9.1 பதிப்பை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். ஒரு தனி மனிதர் ஏறக்குறைய ஒற்றையாகச் சுமந்த மென்பொருள், அவர் விழுந்த இடத்தில் விழவில்லை. நிரல் திறந்திருந்தது, படித்துப் புரிந்தவர்கள் இருந்தார்கள், அனுமதி கேட்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. என் விரல் இன்றைக்கும் அதே விசைகளைத்தான் தேடிப் போகிறது.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய கடைவீதியைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. படம் திருத்தும் மென்பொருள் மாதச் சந்தா கேட்கிறது. மளிகைக் கணக்கு எழுதும் ஆப், இணையம் இல்லையென்றால் திறப்பதில்லை. சுவரில் மாட்டிய கேமராவின் படம் வேறொரு கண்டத்துக்குப் போய்த்தான் நம் பேசிக்கு வருகிறது. இவை எல்லாம் மோசமான மென்பொருள்கள் என்று சொல்லமாட்டேன். பலவற்றை என்னைவிடத் திறமைசாலிகள் எழுதியிருக்கிறார்கள், வசதியும் நிஜமானது. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைச் செய்தவரின் மூச்சோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவர் மனம் மாறினால், விற்றால், மூடினால், நம்முடைய படமும் கணக்கும் காட்சியும் அவரோடு போகும்.

அதனால் எந்த மென்பொருளை எடுத்தாலும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். இணையத்தைத் துண்டித்தால் இது என்ன செய்யும்? இதில் நான் எழுதியதை வேறொரு மென்பொருளில் திறக்க முடியுமா? இதைச் செய்தவர் நாளைக்கு இல்லையென்றால் என்ன ஆகும்? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், அழகில் கொஞ்சம் குறைந்தாலும் அதையே வைத்துக்கொள்கிறேன். நான் எழுதிக் கொடுக்கும் நிரலையும் இதே மூன்று கேள்வியால் சோதிக்கிறேன். தரவை வெளியே எடுக்க ஒரு பொத்தான், கோப்பின் அமைப்பை விளக்கும் ஒரு பக்கம், அடுத்து வருகிறவர் படித்தால் புரியும்படி பெயரிட்ட மாறிகள். இவற்றுக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். வாடிக்கையாளர் இதைக் கேட்பதில்லை, எந்தக் கூட்டத்திலும் இதற்குக் கைதட்டு கிடைப்பதில்லை. ஆனால் ஒரு நிரலாளரின் நேர்மையை அறிய இதைவிட நல்ல அளவுகோலை நான் காணவில்லை.

மனிதர் தன் படைப்பைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அன்பினாலும் பயத்தினாலும். இது என்னுடையது, என் கையை விட்டுப் போனால் கெட்டுவிடும், என்னை மறந்துவிடுவார்கள் என்ற பயம். சர்வரில் கட்டி வைப்பதும், டோங்கிளால் பூட்டுவதும், கோப்பின் அமைப்பை மறைப்பதும் அந்தப் பயத்தின் தொழில்நுட்ப வடிவங்கள். நடந்ததோ நேர்மாறு. பிடித்து வைத்தவை பிடித்தவரோடு போயின. கார்மாக் யாரென்றே தெரியாத ஆட்களை நம்பி நிரலைக் கொடுத்தார். அவர்கள் அதை அவர் கற்பனை செய்யாத இடங்களுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். பிராம் மோலனார் தன் உழைப்பின் கூலியை எங்கோ இருந்த பிள்ளைகளுக்கு மடைமாற்றினார். அவர் போன பிறகும் அவர் வேலை நிற்கவில்லை. ஒரு படைப்பு முழுமை பெறுவது அதைச் செய்தவர் அதற்குத் தேவைப்படாமல் போகும்போதுதான். அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்து விடுவதுதான் செய்தவர் அதன்மேல் வைக்கும் அன்பின் உச்சம்.

வாங்கிப் பயன்படுத்தும் நமக்கும் இதில் ஓர் உண்மை இருக்கிறது. எது என்னுடையது என்று கேட்டால், ரசீது இருப்பது, கணக்கில் காட்டுவது, அலமாரியில் கிடப்பது என்றெல்லாம் சொல்லத் தோன்றும். தி க்ரூவின் வட்டு அலமாரியில் கிடக்கிறது; ரசிகர்களின் மாற்றுச் சர்வர் இல்லாமல் அதை ஒரு சிறுவனிடம் கொடுத்து ஆடிப் பார் என்று சொல்ல முடியாது. அந்தக் கவிஞரின் தொகுப்பு இருந்த சிடியைப் பேரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் அவர்களுக்குக் கிடைப்பது வெறும் பிளாஸ்டிக். டூமின் மூலநிரலையோ, மதுரைத் திட்டத்தின் நூலையோ, விம்மில் எழுதிய குறிப்பையோ நான் யாருக்கும் கொடுக்கலாம். வாங்கியவர் திறக்கலாம், மாற்றலாம், அவரும் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிற பொருள் மட்டுமே நம்முடையது. மற்றதெல்லாம் கெடு வரும் வரை நம்மிடம் விட்டுவைத்திருப்பது. செய்கிறவர் கைக்கும் வாங்குகிறவர் கைக்கும் இந்த ஒரே விதிதான். செய்கிறவர் இந்த விதியை ஏற்றுக்கொண்டு எழுதும்போது, மென்பொருள் இயல்பிலேயே பெற்றிருக்கும் சாகாத்தன்மை அதற்கு நிஜமாகவே வாய்க்கிறது.